ஐ.ஐ.டி.யில் படிக்காத மாணவிக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் உண்டா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தனியார் பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அப்பா லாரி ஓட்டுநர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தம்பி பத்தாம் வகுப்பில் இருக்கிறான். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். முதல் ஆண்டில் கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழுந்தது, அடுத்த ஆண்டே முடித்துவிட்டார். இப்போது சிஜிபிஏ 7.3. சென்ற செமஸ்டரில் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) லேபில் இசிஜி எனும் இதயத்துடிப்பு சிக்னலிலிருந்து இரைச்சலை நீக்கும் பயிற்சி ஒன்றைச் செய்தபோது, "நேரம் போனதே தெரியவில்லை. இதையே மேலே படிக்க வேண்டும் என்று தோன்றியது" என்கிறார்.

அதன்பிறகு இணையத்தில் தேடி நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். வந்த ஒரே பதில், "இடமில்லை". துறைத் தலைவரிடம் போனால், "ரிசர்ச்செல்லாம் டாப் காலேஜ் பிள்ளைங்களுக்கும்மா, நீ பிளேஸ்மென்ட்டைப் பாரு" என்று அனுப்பிவிட்டார். தெரியாத ஊரில் இரண்டு மாதம் பெண் தனியாகத் தங்குவதா என்று அப்பாவுக்குத் தயக்கம். கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையில் நின்று சம்பாதிக்கும் பணம் போய்விடுமே என்று இவருக்கே தயக்கம். இதற்கிடையில் ஆன்லைன் நிறுவனம் ஒன்று, ஆறாயிரம் ரூபாய் கட்டினால் நான்கு வார 'ரிசர்ச் இன்டர்ன்ஷிப்' சான்றிதழும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் பெயரும் தருவதாக வாட்ஸ்அப்பில் விடாமல் துரத்துகிறது.

அவருடைய கேள்விகள் இவை: எனக்குத் தகுதி இருக்கிறதா? விண்ணப்பத்தில் 7.5 ஒதுக்கீட்டை மறைத்துவிடலாமா? எங்களைப் போன்றவர்களுக்குத் தனி இடம் ஏதும் உண்டா? அந்த ஆறாயிரத்தைக் கட்டலாமா? எல்லாம் கிடைத்துப் போய், பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த ஆறாயிரம் ரூபாய். அதைக் கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், இன்றைக்கே கட்டிவிடப் போகிறீர்களோ என்ற பயத்தில் இதை முன்னால் வைக்கிறேன்.

உங்கள் துறைத் தலைவர் சொன்னதைக் கேட்டு உடைந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். உங்கள் கல்லூரி போன்ற இடங்களில் ஒரு துறையை எடைபோடுவது பிளேஸ்மென்ட் எண்ணிக்கையை வைத்துத்தான். ஆய்வுப் பயிற்சிக்குப் போய் வந்த மாணவர் எவரையும் அவர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அதனால் அவர் சொன்னது அவருக்குத் தெரிந்த உலகம். அதில் வன்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தவிர, நாளைக்கு உங்கள் போனஃபைடு சான்றிதழிலும் தடையின்மைச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான். சண்டை வேண்டாம். ஆனால் தகுதி விஷயத்தில் அவர் சொன்னது தவறு. கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் முக்கியமானவை பலவற்றுக்கு எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

7.5 விழுக்காட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

எதுவும் இல்லை. இந்தத் திட்டங்களின் விண்ணப்பத்தில் நீங்கள் எந்த ஒதுக்கீட்டில் பி.இ. சேர்ந்தீர்கள் என்ற கேள்வி வழக்கமாக இருக்காது. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது. உங்கள் கேள்விக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. 'நான் பின்வாசல் வழியாக வந்தவள்' என்ற எண்ணம். அதை நேராகவே பேசிவிடலாம்.

தமிழ்நாட்டில் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களின் பங்கு மிகக் குறைவாக இருப்பதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி டி. முருகேசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 2021இல் சட்டமன்றத்தில் சட்டம் இயற்றி வந்த இடம் உங்களுடையது. உள்ளே வந்தபிறகு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பீடு. அரியரை நீங்கள் எழுதித்தான் முடித்தீர்கள், யாரும் சும்மா போடவில்லை.

அரியர் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. சில விண்ணப்பங்களில் அரியர் வரலாற்றைக் கேட்பார்கள். கேட்டால் உள்ளதை அப்படியே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலை எப்படியும் இணைக்கப் போகிறீர்கள். "பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன், முதல் ஆண்டில் பாடமொழி மாற்றத்தில் இரண்டு தாள்கள் தவறின, அடுத்த ஆண்டில் தேறினேன்" என்று ஒரே வாக்கியம் போதும். நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் ஒரு பக்கம் சோகக்கதை எழுதிவிடுகிறார்கள். தேர்வு செய்பவருக்கு அது எந்த விதத்திலும் உதவாது. என்ன நடந்தது, எப்படிச் சரியானது, அவ்வளவுதான் அவருக்குத் தேவை.

இன்னொன்று. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. கல்லூரி உங்களிடம் 'டிரெய்னிங் ஃபீஸ்' கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தலைப்பில் கேட்கிறார்கள் என்று ரசீதோடு எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கட்டணமே வேறு பெயரில் வருகிறது என்று தெரிந்தால் சென்னையிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுதலாம். அது தனிக் கதை, தேவைப்பட்டால் மறுபடி எழுதுங்கள்.

நாற்பது மெயில்கள் ஏன் வீணாயின?

கடிதத்தோடு அந்த மெயிலின் நகலை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் என்கிறது. எந்த ஆய்வு? அதில் இல்லை. அதே மெயிலை ஆன்டெனா ஆய்வாளருக்கும் சிப் வடிவமைப்பு (விஎல்எஸ்ஐ) ஆய்வாளருக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர்களுக்குத் தினமும் இப்படிப் பல மெயில்கள் வரும். முதல் வரியிலேயே இது எல்லோருக்கும் போனது என்று தெரிந்துவிடும்.

நாற்பது பேர் வேண்டாம், ஐந்தாறு பேர் போதும். ஒவ்வொருவரும் சமீபத்தில் எழுதிய ஒரு கட்டுரையையாவது படியுங்கள். முழுதும் புரிய வேண்டியதில்லை. சுருக்கம், படங்கள், முடிவுரை, இந்த வரிசையில் படித்தால் ஆங்கிலம் அவ்வளவாக மிரட்டாது. பிறகு மெயிலில் நான்கு விஷயங்கள் வேண்டும்: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதையொட்டி நீங்களே செய்துபார்த்தது என்ன, எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம் வர முடியும். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. அந்த ஆய்வுக்கூடத்திலுள்ள பிஎச்.டி. மாணவருக்கும் எழுதிப் பார்க்கலாம். பேராசிரியரை விட அவர் பதில் போடும் வாய்ப்பு அதிகம், அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதையும் அவர்தான் வெளிப்படையாகச் சொல்வார்.

'நீங்களே செய்துபார்த்தது' என்பதுதான் எல்லாவற்றிலும் கனமானது. 7.3 என்ற எண்ணுக்கு அருகில் வைக்க உங்களிடம் ஒரு வேலை இருக்க வேண்டும். நல்லவேளையாக, உங்களுக்குப் பிடித்த விஷயத்தில் அதற்குக் காசே வேண்டாம். பிசியோநெட் என்ற தளத்தில் எம்ஐடி-பிஐஎச் அரித்மியா (சீரற்ற இதயத் துடிப்பு) தரவுத்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 47 பேரிடமிருந்து எடுத்த 48 இசிஜி பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், நொடிக்கு 360 மாதிரிகள். உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் முறையைச் சோதித்துப் பார்க்கும் பதிவுகள் இவை. பைத்தான் நிரல்மொழியோ ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளோ இருந்தால் போதும், இரண்டுமே இலவசம்.

அதில் ஒரு சின்ன வேலை சொல்கிறேன். உங்கள் லேபில் மின்கம்பி இரைச்சலை நீக்க 50 ஹெர்ட்ஸில் நாட்ச் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் வடிகட்டி) போட்டிருப்பீர்கள். அதை அப்படியே இந்தப் பதிவுகளில் போட்டால் இரைச்சல் போகாது. அவை அமெரிக்காவில் எடுத்தவை, அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். சரி, 60க்கு மாற்றிவிட்டீர்கள். இப்போது ஃபில்டரின் அகலத்தை (60ஐச் சுற்றி எவ்வளவு பகுதியை நீக்குகிறது என்பதை) மாற்றிமாற்றிப் போட்டு, இதயத் துடிப்பின் கூர்முனை எவ்வளவு சிதைகிறது என்று அளந்து பாருங்கள். எந்த அகலத்தில் இரைச்சலும் போய் வடிவமும் கெடாமல் இருக்கிறது? பத்துப் பதிவுகளில் பார்த்து, நான்கு படங்களோடு இரண்டு பக்கம் எழுதிவிட்டால் உங்கள் மெயிலில் இணைக்க ஒன்று கிடைத்துவிட்டது. புதிய கண்டுபிடிப்பு ஏதும் இதில் இல்லைதான். மூன்றாம் ஆண்டு மாணவரிடம் அதை எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. சொல்லிக்கொடுத்தால் செய்வாரா, செய்ததை ஒழுங்காக எழுதுவாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

எங்கே, எப்போது விண்ணப்பிப்பது

நீங்கள் முதலில் குறிவைக்க வேண்டியது மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் உள்ள இந்தியத் தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம், இவைதாம் அந்த மூன்று. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வேலை. உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் இறுதிக்குள்ளேயே, வழக்கமாக நவம்பர் வாக்கில், முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ஏப்ரலில் தேடத் தொடங்கினால் கதவு எப்போதோ மூடியிருக்கும். இந்த ஆண்டுக்கான தேதியையும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் கழகத்தின் தளத்தில் இன்றே பாருங்கள்.

அதே திட்டத்தில் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. "நல்லா பண்றே" என்று உங்களிடம் சொன்ன லேப் ஆசிரியை பற்றி எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் ஒருமுறை போய் வந்தால் உங்களுக்குப் பின்னால் வரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு தொடர்பு கிடைக்கும். உங்கள் துறைத் தலைவரின் பேச்சை மாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யும் கோடைக்கால உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. வெளிக்கல்லூரி மாணவர்களுக்கானது, மூன்றாம் ஆண்டு பி.இ. மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றவர்களையே அவர்கள் முதன்மையாகத் தேடுகிறார்கள். 7.3க்கு அங்கே வாய்ப்புக் குறைவு. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். காந்திநகர் ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஆய்வுப் பயிற்சியையும் பார்த்து வையுங்கள்.

மதிப்பெண்ணை விட வேலையைப் பார்க்கும் இடம் வேண்டும் என்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம். கட்டற்ற மென்பொருள்களைக் கல்வியில் பரப்புவதற்கான திட்டம் அது. அவர்களுடைய பயிற்சிக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதை எப்படிச் செய்து அனுப்புகிறீர்கள் என்று பார்த்து எடுக்கிறார்கள். கணக்கீட்டு மென்பொருளான சைலாப், பைத்தான், மின்சுற்று வடிவமைப்புக்கான ஈசிம் எல்லாம் அதில் வருகின்றன. இசிஇ மாணவிக்கு ஈசிம் சொந்த வீடு மாதிரி. அதே மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளில் பல, தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் அங்கே போய்விட்டு வாருங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாடம் இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆறேழு சான்றிதழ் வாங்கி அடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சிக்னல் ப்ராசஸிங்கில் ஒரே ஒரு பாடத்தை, ஜனவரியில் தொடங்கும் சுற்றில் எடுத்து, முன்வரிசை மதிப்பெண் வாங்குங்கள். மொத்த மதிப்பெண்ணில் 75 விழுக்காடு அந்த நேரடித் தேர்வுதான், அதனால் அதற்கு மரியாதை உண்டு. அதில் முதலிடங்களில் வருபவர்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியரிடமே பயிற்சிக்கு வாய்ப்பு வருவதும் உண்டு.

இவை எதிலும் இடம் கிடைக்காமல் போகலாம். அது நடக்கக்கூடியதுதான், அதற்கும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டு புராஜெக்டை வெளி ஆய்வுக்கூடம் ஒன்றில் செய்யலாம். சென்னை தரமணி வட்டாரத்தில் மத்திய ஆய்வகங்கள் இருக்கின்றன, கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. சில ஆய்வகங்கள் புராஜெக்ட் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதுண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அல்லது உங்கள் கல்லூரி லேபிலேயே அந்த ஆசிரியையின் வழிகாட்டலில் செய்து, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். சின்னத் தொகைதான். ஆனால் வெளியிலிருந்து ஒரு குழு உங்கள் திட்டத்தைப் படித்து ஒப்புக்கொண்டது என்பது தற்குறிப்பில் நன்றாகவே பேசும்.

கட்டுரைகள் காசு கேட்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். 2025 தொடக்கத்தில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்து, ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. உங்களுடையது தனியார் கல்லூரி, அதனால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் பலர் தனியார் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள் என்பதை இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யோசித்திருக்கலாம், போகட்டும். ஆர்க்கைவ் தளத்தில் பல கட்டுரைகளின் முன்வடிவம் இலவசம். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் முழுமையாகக் கிடைக்கின்றன. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் பெரும்பாலும் அந்தத் துறையில் அதுவரை நடந்ததன் தொகுப்பு, தொடக்கநிலையில் ஒரு கட்டுரையை விட அது உதவும். அதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டு ஒரு பிரதி கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். மதுரைப் பக்கம் போக முடிந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, பாடப்புத்தகத்துக்கு அங்கே ஒரு முழுநாள் ஒதுக்கலாம்.

அந்த ஆறாயிரம்

நிஜமான ஆய்வுப் பயிற்சியில் பணம் உங்களுக்கு வரும், அல்லது குறைந்தபட்சம் உங்களிடமிருந்து போகாது. சில அரசு ஆய்வகங்கள் வாங்கும் புராஜெக்ட் கட்டணம் விதிவிலக்கு, அது வெளிப்படையாக அறிவித்து, ரசீது கொடுத்து வாங்குவது. உங்களைத் துரத்தும் நிறுவனம் வழிகாட்டியின் பெயரையே சொல்லவில்லை, என்ன வேலை என்றும் சொல்லவில்லை, சான்றிதழை மட்டும் சொல்கிறது. அதை விட மோசமானது கட்டுரையில் பெயர். நீங்கள் செய்யாத வேலைக்கு உங்கள் பெயர் போவது ஆய்வுலகில் மோசடி. நாளைக்கு ஒரு நேர்முகத்தில் "இந்தக் கட்டுரையின் மூன்றாவது படத்தை விளக்குங்கள்" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் பெயர் அனுபவமுள்ள பேராசிரியர்களுக்குத் தெரியும். உங்கள் விண்ணப்பத்தில் அது இருந்தால் நல்ல மற்ற வரிகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

தனி இடம் உண்டா?

முதல் பட்டதாரிகளுக்கென்றோ அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்றோ கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் பொதுவாகத் தனி ஒதுக்கீடு கிடையாது. மேற்படிப்பில் உண்டு. மத்தியக் கல்வி நிறுவனங்களின் எம்.டெக்., பிஎச்.டி. சேர்க்கையில் எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27 விழுக்காடு. நீங்கள் எம்.பி.சி. என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை' என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். இது தெரியாமல் சேர்க்கை நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி.

வீட்டில் எப்படிப் பேசுவது

அப்பாவின் தயக்கத்தைப் பழமை என்று தள்ளாதீர்கள். மகள் எங்கே தங்குவாள், யார் பொறுப்பு என்று கேட்பது நியாயமான கேள்விதான். தேர்வுக் கடிதம் வந்ததும் விடுதி உண்டா, பெண்கள் விடுதியா, வழிகாட்டியின் தொலைபேசி எண் என்ன என்று எழுதிக் கேட்டுவிட்டு, பதிலை அப்பாவிடம் காட்டுங்கள். முடிந்தால் முதல் நாள் அவரையே கூட்டிப்போங்கள். லாரி ஓட்டுகிறவருக்கு ஊர்கள் புதிதில்லை, அந்த இடம்தான் புதிது. ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி பயம் குறையும்.

உங்களுக்கும் ஒன்று தெரிந்திருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களையும் காக்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். போன முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்தான் கடினமான பகுதி. ஜவுளிக்கடைச் சம்பளத்தை விட உதவித்தொகை கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் அது உடனே கைக்கு வராது, முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் காசு வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயை வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியிலிருந்து அதில் பாதியையாவது உங்கள் கணக்கிலேயே விட்டுவைக்க முடியுமா என்று அம்மாவிடம் பேசிப் பாருங்கள். நிஜமாகவே முடியாத நிலை என்றால், கோடையில் கடைக்கே போங்கள். மாலையில் வீட்டிலிருந்து அந்த இசிஜி வேலையைச் செய்து, இறுதியாண்டு புராஜெக்டை வெளியில் வைத்துக்கொள்ளலாம். அந்த வழி கொஞ்சம் நீளம், ஆனால் சேரும் இடம் ஒன்றுதான். தம்பியின் பள்ளிச் செலவை நிறுத்திவிட்டுப் போக வேண்டிய அளவுக்கு எந்தக் கோடைப் பயிற்சியும் பெரிதில்லை என்பது என் கருத்து.

அப்பா "இதைப் படிச்சா சம்பளம் வருமா" என்று கேட்டாராம். கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் படிக்கும்போதே மாதம் 12,400 ரூபாய். பிஎச்.டி.யில் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் வளாக நேர்காணலில் கிடைக்கக்கூடிய தொடக்கச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டு அவருக்குக் காட்டுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது போட்டியில் வாங்குவது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அந்த லேப் ஆசிரியையிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்களுக்கு முதல் மதிப்பெண் போட்டவரை விட, நீங்கள் வேலை செய்வதைப் பார்த்தவர் எழுதும் கடிதமே எடை உள்ளது. வெறுங்கையோடு போகாமல், எந்தப் பயிற்சியில் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி" என்ற வழக்கமான கடிதம்தான் வரும். கடைசி நாளுக்கு முன்பு குறைந்தது இரண்டு வாரமாவது அவருக்குக் கொடுங்கள். அப்புறம், ஆறாவது செமஸ்டர் தேர்வு மே மாதத்துக்குள் நீளக்கூடும். எந்தத் தேதியில் வர முடியும் என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை.

போய்ப் பிடிக்காமல் போனால் என்ன என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஒன்றும் ஆகாது. திரும்பி வந்து இறுதியாண்டில் உங்கள் துறைத் தலைவர் சொன்ன பிளேஸ்மென்ட்டுக்கே உட்காரலாம். பெரும்பாலான நிறுவனங்கள் கோடை முடிந்த பிறகுதான் வருகின்றன, அதனால் அந்த வாய்ப்பு எங்கும் போய்விடாது. ஆனால் முதல் இரண்டு வாரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் புரியாது, கோடைப் பயிற்சிக்கு வரும் ஐ.ஐ.டி. மாணவருக்கும்தான். அறிக்கையை எழுதி முடித்து, வழிகாட்டியிடம் கொடுத்த பிறகு யோசியுங்கள். இசிஜி பிடிக்காமல் போய் வேறொன்று பிடித்துவிட்டால் அதையும் எனக்கு எழுதுங்கள்.